மேட்டூர், கல்லணை, கடைமடை: ஃபியூச்சர்ஸுக்கு புரோக்கர், டேட்டா, சார்ட் தேர்ந்தெடுப்பது

போன சம்பா அறுவடை முடிந்த கையோடு, நீடாமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன் மன்னார்குடியில் இருக்கும் என் கணினி மையத்துக்கு வந்தான். கையில் புது லேப்டாப். "அண்ணே, சார்ட் சாப்ட்வேருக்கு ஒரு வருஷ சந்தா கட்டிட்டேன். இனிமே எந்த புரோக்கர்கிட்ட கணக்கு ஆரம்பிக்கலாம்னு மட்டும் சொல்லுங்க" என்றான். டேட்டா, அதாவது சார்ட்டுக்கு வரும் விலைத் தகவல், எங்கிருந்து எடுக்கப்போகிறாய் என்று கேட்டேன். "அது என்னண்ணே தனியா?" என்றான்.

மோட்டார் கொட்டகைக்கு வெள்ளையடித்துப் பெயரும் எழுதிவிட்டு, போர்வெல் எங்கே போடலாம் என்று கேட்கிற மாதிரிதான். ஆனால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீடியோக்களில் கண்ணுக்குத் தெரிவது, விலை ஓட்டத்தை வரைந்து காட்டும் சார்ட் மட்டும்தான். பச்சையும் சிவப்புமாக, விலையைக் காட்டும் மெழுகுவத்தி வடிவக் கட்டங்கள் ஏறி இறங்குகின்றன, பேசுகிறவர் அம்புக்குறி போடுகிறார். நானும் அதே வரிசையில்தான் ஆரம்பித்தேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். அன்று அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஃபியூச்சர்ஸ் என்றால்

நெல் தரிசில் உளுந்து போட்டிருக்கிறீர்கள். காய் பிடிக்கும்போதே ஒரு வியாபாரி வந்து, "அறுத்ததும் மூட்டை இன்ன விலைக்கு நான் எடுத்துக்கிறேன்" என்று பேசி அச்சாரம் கொடுக்கிறார். சரக்கு பின்னால், விலை இப்போதே. ஃபியூச்சர்ஸின் அடிப்படை அவ்வளவுதான். தமிழ்ப் பத்திரிகைகள் இதை முன்பேர வர்த்தகம் என்று எழுதுகின்றன.

பங்குச்சந்தைக்கு வரும்போது சில விஷயங்கள் மாறுகின்றன. எவ்வளவு அளவு, எந்தத் தேதி என்பதை நீங்களும் வியாபாரியும் பேசி முடிவு செய்வதில்லை, சந்தையே நிர்ணயித்துவிடும். அந்த அளவுக்கு லாட் என்று பெயர், முடியும் தேதிக்கு எக்ஸ்பயரி. எதிரே வாங்குபவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நடுவில் தீர்வுக் கழகம் நின்று இருபக்கமும் பொறுப்பேற்கிறது. அச்சாரத்துக்கு இங்கே மார்ஜின் என்று பெயர். எல்லாவற்றையும்விட முக்கியமானது, விலை வித்தியாசம் கடைசி நாளில் மொத்தமாக அல்லாமல் தினமும் தீர்க்கப்படுகிறது. இன்று நஷ்டம் என்றால் இன்றே கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

இந்த இடத்தில் டெல்டாக்காரர் யாராக இருந்தாலும் கேட்கும் கேள்வி: நெல்லுக்கு இருக்கிறதா? 2021 டிசம்பரில் பாசுமதி அல்லாத நெல் உட்பட ஏழு வகை விளைபொருட்களின் முன்பேர வர்த்தகத்தை, சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகும் அந்தத் தடை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. நம் நெல் பெரும்பாலும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குத்தான் போகிறது, விலையை அரசு சொல்கிறது. ஆகவே நம் ஊரில் ஒருவர் ஃபியூச்சர்ஸ் என்று சொன்னால், அது ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி குறியீடோ, ஏதாவது பங்கோ, எம்சிஎக்ஸ் என்ற பொருள் சந்தையில் தங்கமோ, கச்சா எண்ணெயோதான். விளைச்சலைப் பாதுகாக்கும் வேலை இதில் இல்லை. விலை எந்தப் பக்கம் போகும் என்று பணம் வைக்கிறோம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

ஆற்றின் வழி

ஜூன் 12-ல் மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவார்கள். பிறகு கிளை ஆறு, வாய்க்கால், மடை. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர் டிவியில் மேட்டூர் திறந்ததைப் பார்த்தவுடன் நாற்றங்காலுக்கு ஓடுவதில்லை. தனக்கு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியும்.

பங்குச்சந்தையை மேட்டூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை அங்கேதான் பிறக்கிறது. அதை வாங்கிப் பிரித்து அனுப்பும் டேட்டா நிறுவனமோ புரோக்கரின் சர்வரோ கல்லணை. உங்கள் திரையில் இருக்கும் சார்ட் கடைமடை. நாம் எல்லாரும் கடைமடை விவசாயிகள்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஓர் இடத்தில் இந்த உவமை உதவாது. விலை மேலிருந்து கீழே வருகிறது. நீங்கள் போடும் ஆர்டர் கீழிருந்து மேலே போக வேண்டும். இரண்டும் வேறு வேறு வழி. விலை ஜோராக ஓடிக்கொண்டிருக்கும், ஆர்டர் போகாது. ஆர்டர் போகும், திரையில் விலை உறைந்து நிற்கும். இந்த இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். புரோக்கரையும் டேட்டாவையும் தனித்தனியாக யோசிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு குழப்பம். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்கானவை. அங்கே ஃபியூச்சர்ஸ் என்றால் சிகாகோவின் சிஎம்இ சந்தை. டேட்டாவுக்கு ரித்மிக், சிக்யூஜி. சார்ட்டுக்கு நின்ஜாடிரேடர், சியர்ரா சார்ட் என்று மூன்றையும் கடைகடையாக ஏறித் தனித்தனியே சேர்ப்பது அங்கே வழக்கம். அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து "எனக்கு ரித்மிக் வேண்டும்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அது பொருந்தாது. வெளிநாட்டுச் சந்தையில் மார்ஜின் கட்டுவதற்காக இங்கிருந்து பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் விதிகள் அனுமதிப்பதில்லை. "நாங்கள் ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் புரோக்கரிடம் கணக்கு ஆரம்பித்தாலே ஒரு டேட்டாவும் ஒரு சார்ட்டும் செயலியோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. தனியாக வாங்குவது பிறகுதான், தேவைப்பட்டால்தான்.

புரோக்கர்

முதல் வேலை, அவர் நிஜமாகவே புரோக்கர்தானா என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், வாட்ஸ்அப் குழுவில் வந்த செயலியை இறக்கி மூன்று மாதம் "டிரேடிங்" செய்தார். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போனது. எடுக்கப் போனபோது முதலில் வரி கட்டுங்கள் என்றார்கள், கட்டினார். அப்புறம் இன்னொரு கட்டணம், அதையும் கட்டினார். அந்தச் செயலிக்கும் எந்தப் பங்குச்சந்தைக்கும் சம்பந்தமே இல்லை. திரையில் ஓடிய எண்கள் அவருக்காகவே யாரோ தட்டச்சு செய்தவை.

பதிவு பெற்ற புரோக்கருக்கு ஐஎன்இசட் என்ற எழுத்துகளில் தொடங்கும் செபி பதிவு எண் இருக்கும். அதை அவர் சொல்லும் பக்கத்தில் பார்க்காமல், செபியின் தளத்துக்கோ, தேசிய பங்குச்சந்தையான என்எஸ்இ-யின் தளத்துக்கோ நீங்களே போய்த் தேடுங்கள். பணம் அனுப்பப்போகும் வங்கிக் கணக்கோ யுபிஐ முகவரியோ பதிவு பெற்றவருடையதுதானா என்று பார்க்க 2025 அக்டோபரிலிருந்து செபி செக் என்ற வசதியும் வந்திருக்கிறது. தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அது நூற்றுக்கு நூறு மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பதிவு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2019-ல் ஒரு பெரிய தரகு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கடனுக்காக அடமானம் வைத்தது வெளியே வந்து நாடே பேசியது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2020 செப்டம்பரிலிருந்து, மார்ஜினுக்காகப் பங்கை அடமானம் வைத்தாலும் அது உங்கள் பங்குகள் இருக்கும் டிமேட் கணக்கிலேயே இருக்கும். நீங்கள் ஓடிபி போட்டால்தான் அடமானம் நடக்கும். சும்மா கிடக்கும் பணத்தை மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ உங்கள் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். எது என்பதைக் கணக்கு ஆரம்பிக்கும்போது நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். நான் மாதம் என்றுதான் போட்டிருக்கிறேன். எந்தப் படிவத்திலும் "உங்கள் சார்பில் நாங்கள் வாங்கி விற்கலாம்" என்ற பொருளில் வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

இனி எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி: புரோக்கரேஜ் எவ்வளவு? என்னைக் கேட்டால் இது கடைசியில் கேட்க வேண்டியது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிஃப்டி 24,000-ல் இருக்கிறது, ஒரு லாட் 75 என்று வைத்துக்கொள்வோம். லாட் அளவு நிலையானது அல்ல; 50, 25, 75 என்று மாறி வந்திருக்கிறது, அன்றைக்கு என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் மதிப்பு 18 லட்சம் ரூபாய். வாங்கி, அதே விலைக்கு விற்கிறீர்கள். 2024 அக்டோபரில் வந்த விகிதங்களின்படி விற்கும்போது பரிவர்த்தனை வரி 0.02 சதவீதம், அதாவது 360 ரூபாய். முத்திரைத் தீர்வை 36. பங்குச்சந்தைக் கட்டணம் இருபக்கமும் சேர்த்து 62. தள்ளுபடி புரோக்கர்கள் வாங்கும் வழக்கமான 20 ரூபாய், இரண்டு ஆர்டருக்கு 40. செபி கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து இன்னொரு 23 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 520. இதில் புரோக்கருக்குப் போவது 40 தான். 20 ரூபாய்க்குப் பதில் 15 ரூபாய் என்று ஒருவர் கூவி அழைத்தால் உங்களுக்கு மிச்சமாவது 10 ரூபாய். வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், அது தனிக்கதை. ஆனால் இந்தக் கணக்குப்படி, நிஃப்டி உங்கள் பக்கம் ஏழு புள்ளி நகர்ந்தால்தான் நீங்கள் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருகிறீர்கள்.

அப்படியென்றால் புரோக்கரிடம் எதைப் பார்ப்பது? கெட்ட நாளில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை.

என் கதையைச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு மதியம். கையில் ஒரு லாட் வாங்கி வைத்திருக்கிறேன். விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடு என்று ஸ்டாப்லாஸும் வைத்திருந்தேன். கரண்ட் போனது, கூடவே நெட்டும். பரவாயில்லை, ஸ்டாப்லாஸ் இருக்கிறதே என்று டீ குடித்தேன். அரை மணி கழித்து போனில் சிக்னல் கிடைத்துப் பார்த்தால், விலை என் ஸ்டாப்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. விற்பனை நடக்கவில்லை. ஏனென்றால் அந்த ஸ்டாப்லாஸ் பங்குச்சந்தையில் இல்லை. என் கம்ப்யூட்டரில் ஓடிய சார்ட் சாப்ட்வேருக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் அணைந்ததும் அதுவும் அணைந்துவிட்டது. புரோக்கரின் தொலைபேசி மேசைக்கு அழைத்தேன். பதினோரு நிமிடம் வீணை இசை கேட்டேன். அன்று போன பணத்தில் வீட்டுக்கு ஒரு நல்ல இன்வெர்ட்டர் வாங்கியிருக்கலாம்.

அதிலிருந்து எந்த புரோக்கரிடமும் நான் கேட்பது இவைதான். நான் போடும் ஸ்டாப்லாஸ் எங்கே உட்காருகிறது? சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் பங்குச்சந்தைக்கே போய்விடும்; என் வீட்டில் இடி விழுந்தாலும் அது வேலை செய்யும், ஆனால் அன்று மாலையோடு காலாவதி. ஜிடிடி என்று பல நாள் நிற்கும் வகை புரோக்கரின் சர்வரில் இருக்கும். விலையோடு கூடவே நகரும் டிரெய்லிங் ஸ்டாப் சிலரிடம் அவர்கள் சர்வரில், சில சாப்ட்வேரில் உங்கள் மேசை மேல். அடுத்து, போனில் ஆர்டர் எடுப்பார்களா, அதற்கு எவ்வளவு, தமிழில் பேசுவார்களா? கணக்கு ஆரம்பிக்கும் முன்பே ஒரு திங்கட்கிழமை காலை 9.20-க்கு அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் எடுக்கிறார்கள் என்பதே பதில்.

மூன்றாவது, மார்ஜின் குறைந்தால் எப்போது வெட்டுவார்கள்? மேலே சொன்ன 18 லட்ச ஒப்பந்தத்துக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் மார்ஜின் தேவைப்படலாம். குறியீடு 1 சதவீதம் இறங்கினால் 18,000 ரூபாய் போகும். கணக்கில் மிச்சம் இல்லையென்றால் உங்களைக் கேட்காமலே புரோக்கர் விற்கலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. சிலர் குறுஞ்செய்தி அனுப்பி அவகாசம் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். இன்ட்ராடே, அதாவது அன்றே முடித்துக்கொள்வதாக வாங்கியதை மூன்றே கால் மணி வாக்கில் தானாகவே விற்று அதற்குத் தனியாகக் கட்டணமும் போடுபவர்கள் உண்டு. பங்கு ஃபியூச்சர்ஸை எக்ஸ்பயரி வரை வைத்திருந்தால் பங்கையே முழு விலை கொடுத்து வாங்க வேண்டிவரும். அந்தக் கடைசி நாட்களில் மார்ஜின் எப்படி ஏறும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரோக்கரின் மொத்த அமைப்பும் படுத்துவிட்டால், கையிலிருப்பதை முடித்துக்கொள்ள மட்டும் பங்குச்சந்தைகள் சேர்ந்து ஐஆர்ஆர்ஏ என்ற தளத்தை 2023 அக்டோபரில் கொண்டுவந்தன. புதிதாக வாங்க அதில் முடியாது. சிலர் இரண்டாவதாக வேறொரு புரோக்கரிடமும் கணக்கு வைத்திருப்பார்கள். இங்கே சிக்கிக்கொண்டால் அங்கே எதிர்ப்பக்க ஆர்டர் போட்டு நஷ்டத்தை நிறுத்தலாம். ஆனால் அங்கேயும் மார்ஜின் பணம் தயாராக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சில நாள் மேட்டூரே மூடிக்கொள்ளும்: 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இ முற்பகல் 11.40-க்கு நின்று, மாலை 3.45-க்குத்தான் மறுபடி திறந்தது. அதற்கு எந்த புரோக்கரும் மருந்து தர முடியாது.

டேட்டா

டேட்டாவில் "லைவ்" என்ற ஒரே சொல்லுக்குள் பல தரம் இருக்கிறது.

பங்குச்சந்தையில் நொடிக்கு எத்தனையோ பரிவர்த்தனை நடக்கும். ஒவ்வொன்றும் விடாமல் வருவது டிக்-பை-டிக். அது பெரிய நிறுவனங்களின் விவகாரம்; பங்குச்சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே தங்கள் கம்ப்யூட்டரை வாடகைக்கு வைத்திருப்பவர்களுக்கானது. தலைமடையிலேயே நிலம் வாங்கிப்போட்ட மாதிரி. நமக்கு வருவது, சில நூறு மில்லிநொடிகளுக்கோ ஒரு நொடிக்கோ ஒருமுறை எடுத்த படங்கள். இடையில் நடந்தது படத்தில் இருக்காது. ஆகவே இரண்டு செயலிகளில் அதே ஒரு நிமிடத்துக்கான மெழுகுவத்தியின் உச்சியும் அடியும் கொஞ்சம் வேறுபட்டால் பதற வேண்டாம். இரண்டும் வேறு வேறு கணத்தில் படம் எடுத்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல், "என் சார்ட்டில் அந்த விலையே வரவில்லை, ஸ்டாப்லாஸ் எப்படி அடித்தது" என்று சண்டைக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

ஆழமும் ஒரு தரம். கடைசி விலையும், வாங்க விற்க நிற்கும் முதல் விலையும் மட்டும் வருவது ஒன்று. இருபக்கமும் ஐந்து ஐந்து விலைகளைக் காட்டுவது அடுத்தது. இருபது வரை காட்டுவதும் உண்டு. ஆரம்பத்தில் ஐந்து போதும். சில தளங்கள் இலவசக் கணக்குக்கு 15 நிமிடம் பிந்திய விலையைக் காட்டும். மூலையில் சின்னதாக எழுதியிருப்பார்கள், அதைக் கண்டுபிடியுங்கள்.

புரோக்கர் தரும் டேட்டாவை அவர் செயலிக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால், ஏபிஐ என்ற வழியைக் கேட்கலாம். அல்லது ட்ரூடேட்டா, குளோபல் டேட்டாஃபீட்ஸ் போல பங்குச்சந்தையின் அனுமதி பெற்ற நிறுவனங்களிடம் சந்தா கட்டலாம். டெலிகிராமில் மாதம் சில நூறு ரூபாய்க்கு விற்கும் டேட்டா, எங்கிருந்தோ திருட்டுக் குழாய் போட்டு இழுப்பது. அடைத்துக்கொள்ளும் நாள் சொல்லிவிட்டு வராது.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் சந்தை முடிந்ததும் அன்றைய ஆரம்ப விலை, உச்சம், அடி, முடிவு, அளவு எல்லாம் அடங்கிய பவ்காபி என்ற கோப்பை என்எஸ்இ தன் தளத்தில் இலவசமாகவே போடுகிறது. நாள் சார்ட் மட்டும் பார்ப்பவருக்கு அதுவே தாராளம். அதைத் திறக்கும்போது ஒன்று கண்ணில் படும்: ஃபியூச்சர்ஸுக்கு முடிவு விலையும் கடைசியாக நடந்த விலையும் வேறு வேறு எண்ணாக இருக்கும். முடிவு விலை என்பது கடைசி அரை மணி நேரத்து விலைகளை, எவ்வளவு கைமாறியது என்பதையும் சேர்த்துப் போட்ட எடையிட்ட சராசரி. தினசரி லாப நஷ்டம் அந்தச் சராசரியில்தான் தீர்க்கப்படுகிறது. 3.30-க்கு திரையில் லாபம் காட்டிவிட்டு ராத்திரி கணக்கில் குறைவாக வருவதற்கு இதுவே காரணம்.

சார்ட்

இதைப் பற்றி எழுதத்தான் எல்லாருக்கும் ஆசை, எனக்கு ஆசை குறைவு. டிரேடிங்வியூ சந்தா வகை, பிரவுசரிலேயே ஓடும். பல புரோக்கர் செயலிகளுக்குள் இருப்பதும் அதன் சார்ட்தான். அமிபுரோக்கர் காசு கொடுத்து வாங்கிக் கம்ப்யூட்டரில் நிறுவுவது; பழைய விலைகளின் மேல் உங்கள் யோசனையைச் சோதித்துப் பார்க்கக் கெட்டிக்காரச் சாப்ட்வேர், ஆனால் டேட்டா நீங்கள்தான் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். நீடாமங்கலத்துப் பையன் வாங்கியதும் இந்த மாதிரி, தண்ணீர் இல்லாத வாய்க்கால்.

எந்தச் சார்ட்டாக இருந்தாலும் ஃபியூச்சர்ஸுக்கென்று ஒரு சோதனை வைக்கலாம். ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் மாதந்தோறும் செத்துப்போகும். நிஃப்டிக்கு 2025 செப்டம்பரிலிருந்து அது மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. முடிகிற மாத ஒப்பந்தம் 24,000-லும் அடுத்த மாதத்தது 24,120-லும் இருந்தால், இரண்டையும் ஒட்டி வரையும் சார்ட்டில் ஒரே நாளில் 120 புள்ளி எகிறியது போலத் தெரியும். சந்தையில் ஒன்றும் நடக்கவில்லை. குறுவை நெல் விலைப் பட்டியலோடு சம்பா பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சில சாப்ட்வேர் பழைய விலைகளை எல்லாம் 120 ஏற்றி இந்தத் தையலை மறைக்கும். அப்போது பழைய விலைகள் அன்று நிஜமாக நடந்த விலைகளாக இருக்காது. இரண்டில் எதைச் செய்கிறது, மாற்றிக்கொள்ள வசதி உண்டா என்று கேளுங்கள். விற்பவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று. நிஃப்டி குறியீட்டை யாரும் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அது ஒரு கணக்கீடு. ஃபியூச்சர்ஸில் பணம் போட்டுக்கொண்டு குறியீட்டின் சார்ட்டைப் பார்ப்பது, பக்கத்து வயலுக்கு மடை திறந்ததா என்று பார்த்துவிட்டு நம் வயலுக்குப் போகாமல் இருப்பது. ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தின் சார்ட்டையே திறந்து வையுங்கள்.

எந்த வரிசையில்

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய பிறகு, எங்கள் பக்கம் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. டவர்களும் படுத்துவிட்டன. அந்த வாரம் கையில் ஃபியூச்சர்ஸ் வைத்திருந்தவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்தால், செலவை எங்கே செய்ய வேண்டும் என்று தெரியும். முதலில் இன்வெர்ட்டர், அப்புறம் வேறு நிறுவனத்தின் இரண்டாவது சிம், அப்புறம் போன் எடுக்கும் புரோக்கர். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் நான் கையிருப்பை முடித்துவிடுவேன். லாபமோ நஷ்டமோ, கடையைச் சாத்திவிடுவது.

பிறகு பழக வேண்டும். நிஃப்டி ஒரு லாட்டில் பழகாதீர்கள். குறியீட்டு ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டும் என்று 2024-ல் செபி ஏற்றிவிட்டது. எம்சிஎக்ஸில் கோல்டு பெட்டல் என்று ஒரு கிராம் தங்கத்துக்கான ஒப்பந்தம் இருக்கிறது. லாபம் பார்க்க அது உதவாது. ஆர்டர் போவது, ஸ்டாப்லாஸ் அடிப்பது, தினசரித் தீர்வு, எக்ஸ்பயரிக்கு முன் வெளியேறுவது எல்லாவற்றையும் ஒரு கிராம் அளவில் தொட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தக் குறிப்பு 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதில் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று புரிகிறவரை அடுத்த ஆர்டர் வேண்டாம்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். அவர்களிடமும் நல்ல சார்ட் இருந்தது.

பையன் அன்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனான். இரண்டு மாதம் கழித்து ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தான். மூன்று புரோக்கர்களின் போன் மேசைக்கு ஐந்து திங்கட்கிழமை அழைத்து, எடுக்க எத்தனை நிமிடம் என்று பென்சிலில் எழுதியிருந்தான். ஒருவர் ஐந்து வாரமும் எடுக்கவே இல்லை. "இதுல யாருண்ணே?" என்றான். நோட்டைத் திருப்பி அவனிடமே கொடுத்தேன். ஒரு கிராம் தங்கத்தில்தான் இன்னும் இருக்கிறான். சாப்ட்வேர் சந்தா முடிய நான்கு மாதம் பாக்கி. அந்த லேப்டாப்பில் அவன் தங்கை தட்டச்சு பழகுகிறாள்.